முக்கால் பங்கு வருகை

முதல் நாள் சார் பாடம் எடுக்கவில்லை. ஒரு தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, பண்டைய கிரேக்க வரலாறு என்கிற அந்தப் பேப்பரில் தேறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் வாசித்தார். நடக்கிற வகுப்புகளில் முக்கால் பங்காவது வந்திருக்க வேண்டும். இரண்டு கட்டுரை எழுத வேண்டும். இரண்டாவதை வகுப்பின் முன்னால் நின்று வாசித்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வரைபடம். நடுவில் ஒரு தேர்வு. இத்தனையிலும் தேறினவர்களைத்தான் வருஷக் கடைசியில் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். வாசித்து முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார். எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகம் வருகிற அளவுக்கு யாருக்கும் புரிந்திருக்கவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். முப்பதைத் தாண்டிய வயது. புடவைக் கரையில் செம்மண், விரலில் சாக்குக்கட்டித் தூள், கையில் மடக்கின குடை.

"இன்னொரு தரம் வாசிங்க சார். எதுக்கு எவ்வளவு மார்க்குன்னு மட்டும், மெதுவா."

சார் வாசித்தார். அம்மாள் எழுதிக்கொண்டார். அடியில் ஒரு கோடு போட்டார். பிறகு உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, கண்களைத் திறந்தபடியே ஓய்வெடுக்க ஆரம்பித்தார்.

அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். வங்காளிப் பையன்கள், தெலுங்குப் பெண், ராஞ்சிக்காரன் எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான். எழுபதுகளின் தொடக்கம் அது. போர்ட் பிளேரில் கல்லூரி வந்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாடத்திட்டம் மெயின்லேண்டிலிருந்து வரும். விருப்பப் பாடங்கள் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டிருந்தாலும், அதில் எதை நடத்த ஆள் இருக்கிறாரோ அதுதான் எங்கள் விருப்பம். அந்த வருஷம் இருந்த சார் கிரேக்கம் படித்தவர். அதனால் நாங்கள் கிரேக்கத்தை விரும்பினோம்.

வண்டூர் பஸ் போகிற வழியில் இருக்கிற கராச்சர்மாவிலிருந்து நான் போய்வந்தேன். அப்பா ரோடு போடுகிற மஸ்தூர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்ன படிக்கிறாய் என்று அப்பா கேட்டபோது சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிரேக்கம் எங்கடா இருக்கு? எந்த ஜஹாஜ் போவுது?" என்றார். தீவில் எங்கள் எல்லோருக்கும் கப்பல் என்றால் ஜஹாஜ். ஜஹாஜ் போகாத இடமும் பூமியில் உண்டு என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை.

சார் வாயிலிருந்து வந்த எதையும் நான் விடமாட்டேன். அவர் தும்மியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன். அக்கா அப்படி இல்லை. சார் ஏதாவது கதை ஆரம்பித்தால் உடனே பேனாவை மூடிவிட்டு, ஒரு கையை லேசாகத் தூக்குவார்.

"இது மார்க்குக்கு உண்டா சார்?"

இல்லை என்றால் பேனா மூடியபடியே இருக்கும். உண்டு என்றால் எவ்வளவு என்று கேட்பார். அதற்குத் தகுந்த நீளத்துக்கு எழுதுவார். ஐந்து மார்க் என்றால் அரைப் பக்கம். அரைப் பக்கம் நிறைந்ததும் சார் இன்னும் பேசிக்கொண்டிருந்தாலும் பேனா மூடப்பட்டுவிடும். மராத்தான் போரை சார் ஒரு மணி நேரம் நடத்தினார். வெற்றிச் செய்தியைச் சொல்ல ஏதென்ஸ் வரைக்கும் ஓடி வந்து விழுந்து செத்தவன் கதையைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டார்: "அந்த ஓடி வந்தவன் கேள்வில வருவானா தம்பி?" வரமாட்டான், அது பிற்காலத்துக் கதை என்று சாரே சொல்லிவிட்டார் என்றேன்.

"அப்ப அவன் பாட்டுக்குச் செத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை தூரத்திலிருந்து, இத்தனை காலம் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்த ஒன்றை எடைபோட்டு வாங்குகிறாரே என்று இருந்தது. ஒருதரம் சாருக்கு மலேரியா வந்து படுத்துவிட்டார். தனி ஆள், ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். நாங்கள் நாலைந்து பேர் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். போர்வைக்குள்ளிருந்து அவர் பேசியது பாதி புரியவில்லை. பழத்தை வைத்துவிட்டு எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது அக்கா, "முதல் கட்டுரை திருத்திட்டீங்களா சார்?" என்றார். சார் கையை மட்டும் வெளியே நீட்டி மேஜையைக் காட்டினார். அக்கா போய் அந்தக் கட்டைப் புரட்டி, திருத்தவில்லை என்று பார்த்துவிட்டு, பழையபடி ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

வெளியே வந்ததும் ஒரு வங்காளிப் பையன், சார் செத்துப்போனால் பாக்கி மார்க்கை யார் போடுவார்கள் என்றும் கேட்டிருக்க வேண்டியதுதானே என்று இந்தியில் குத்தினான். அக்கா கோபப்படவில்லை. அவனுக்கு இந்தியிலேயே பதில் சொன்னார். கேட்கத்தான் நினைத்தேன், ஜுரத்தில் இருக்கிறவரிடம் வேண்டாம் என்று விட்டேன் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகத்தானா என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவராகச் சொல்லவில்லை, பஸ்ஸில் வருகிற வண்டூர்க்காரர்கள் சொன்னதும், அவர் அரைகுறையாகச் சொன்னதும் சேர்ந்து தெரிந்தது. அவர் கணவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். முன்னாள் ராணுவத்தாருக்குத் தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில், நிலம் கொடுத்தபோது அவருக்கும் கிடைத்தது. காட்டைத் திருத்தி வீடு கட்டிக்கொண்டு அவர் அங்கே இருந்தார். நிலத்தைப் போட்டுவிட்டு ரொம்ப நாள் வெளியே இருந்தால் ஒதுக்கீடு போய்விடும் என்று பயம். அக்கா வண்டூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் டீச்சர். வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால், காய்க்காத தென்னங்கன்றை நம்பி எப்படிப் போவது? கேம்பல் பேயில் பள்ளிக்கூடத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், அங்கே ஒரு டீச்சர் இடம் உண்டு, ஆனால் பட்டதாரிக்குத்தான் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். இந்த வருஷம் டிகிரி வந்தால் அவருக்கு. வராவிட்டால் மெயின்லேண்டிலிருந்து யாரையாவது போடுவார்கள். போட்டால் பிறகு அந்த நாற்காலி எப்போது காலியாகுமோ. மற்ற பேப்பர்களை முந்தின வருஷங்களில் எப்படியோ தாண்டிவிட்டார். மிஞ்சியவற்றில் பயம் கிரேக்கத்தில்தான்.

ஆகவே காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் கல்லூரி, சாயங்காலம் பஸ், போனதும் அப்பா அம்மாவுக்குச் சமையல். இதற்கு நடுவில் மிஞ்சியிருக்கிற தெம்பை ஒரு துளிகூட மார்க் இல்லாத இடத்தில் செலவழிக்க அவரிடம் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகும் மராத்தான்காரன் விஷயத்தில் எனக்கு வருத்தம் தீரவில்லை. ஆனால் வருத்தத்தை வெளியே சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

ஸ்பார்ட்டா நடத்தின அன்று ஒன்று கவனித்தேன். அங்கே ஆண்கள் கல்யாணம் ஆன பிறகும் வருஷக்கணக்கில் படைக் கொட்டகையில்தான் படுக்க வேண்டும், மனைவியைப் பார்க்க வேண்டுமானால் இருட்டில் ஒளிந்து போய்ப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றார் சார். பையன்கள் சிரித்தார்கள். அக்காவின் கை மேலே வந்தது. சிறுகுறிப்பாகக் கேட்கலாம் என்றார் சார். அக்கா அரைப் பக்கத்தோடு நிறுத்தவில்லை. சார் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.

நடுத்தேர்வில் ஒரு கேள்வி: கிரேக்க நகரங்கள் ஏன் ஒரே நாடாகச் சேரவில்லை? மலைகள் பிரித்தன, ஒவ்வொரு ஊருக்கும் தன் ஊர்ப் பெருமை, தனித்தனிச் சட்டம், தனித்தனித் தெய்வம் என்று புத்தகத்தில் இருந்தது. வகுப்பில் அநேகமாக எல்லோரும் முதல் காரணமாக எழுதியிருந்தது வேறு. கப்பல் ஒழுங்காக வரவில்லை. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ராஞ்சிக்காரன் ஒரு படி மேலே போய், மழைக்காலத்தில் வயர்லெஸ்ஸும் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தான். சார் விடைத்தாள்களைக் கொடுக்கும்போது முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மேஜை மேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா எழுதின கடிதம் ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்த சமயம் அது. அந்தக் காரணத்துக்கு எல்லோருக்கும் பாதி மார்க் போட்டிருந்தார்.

அக்கா எழுந்தார். "சார், இது சரியா, தப்பா?"

சார் மலையாளி. எங்களிடம் பேசும்போது ஒருமாதிரித் தமிழ் வரும். "தப்புன்னு சொல்லான் பற்றில்ல, முடியாது. புத்தகத்துல இல்ல. அத்ர தான்."

"புத்தகத்துல இல்லைன்னா அங்க பேப்பர் திருத்துறவங்க மார்க் போட மாட்டாங்களே. பாதி மார்க் குடுத்தா நாளைக்கு அங்கயும் இதையே எழுதிட்டு வருவேன். எனக்குத் தப்புன்னே போடுங்க சார்."

சார் அவர் தாளை மட்டும் வாங்கி, பாதியை அடித்து, சுழி போட்டார். எங்களுக்குப் பாதி அப்படியே நின்றது. அன்று பஸ்ஸில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மலை, ஊர்ப் பெருமை, சட்டம், தெய்வம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டது.

மார்க்கில் இத்தனை கறாராக இருந்தவருக்கு இடித்தது வருகையில். கேம்பல் பேயிலிருந்து ஜஹாஜ் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. தேதி எல்லாம் கிடையாது. வழியில் கார் நிகோபார் தீவில் கடல் கொந்தளித்தால் அங்கேயே நிற்கும். அவர் கணவர் அதில் வருகிறாரா என்று முன்கூட்டித் தெரிய வழி இல்லை. வருகிறேன் என்று எழுதின கடிதமும், எழுதின ஆளும் ஒரே ஜஹாஜில்தான் வந்து இறங்க வேண்டும். அதனால் ஊதல் கேட்டால் போய் நிற்க வேண்டியதுதான். அக்கா குடையை எடுத்துக்கொண்டு கப்பல் அடைகிற ஜெட்டிக்குப் போய்விடுவார். பெரும்பாலும் இறங்குகிறவர்கள் எல்லாம் வேறு யாரோவாக இருப்பார்கள். கடிதம் மட்டும் வரும். வகுப்புப் போனது போனதுதான். இப்படியே போய், வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் இனி ஒரு வகுப்பைக்கூட விட முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது.

நாங்கள் ஒரு யோசனை சொன்னோம். சார் பெயர் கூப்பிடும்போது தலை நிமிர மாட்டார். தெலுங்குப் பெண் அக்காவுக்கும் சேர்த்து 'பிரசன்ட்' சொல்லிவிடுவாள். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"தினம் காலையில நானும் பேர் கூப்பிடறவதான், தம்பி. வராத பிள்ளைக்கு வந்ததுன்னு எவனாவது சொன்னா முட்டி போட வைக்கிறேன். வேணாம், விடு."

கடைசி வகுப்பு அன்று அவர் இரண்டாவது கட்டுரையை வாசிக்க வேண்டும். நல்ல வெயில். சார் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே துறைமுகப் பக்கம் ஜஹாஜ் ஊதியது. நாங்கள் எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தோம். சாரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். கேம்பல் பே ஜஹாஜ் வருகிற சமயம்தான் அது. அக்கா காகிதங்களை முழங்காலில் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டார். அவர் பெயர் வந்தபோது 'பிரசன்ட் சார்' என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

அவர் எடுத்திருந்த தலைப்பு குடியேற்றங்கள். கிரேக்கத் தீவு ஒன்றில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, வீட்டுக்கு ஒருவர் என்று சீட்டுக் குலுக்கி எடுத்து, கடல் தாண்டி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள். போனவர்கள் தாங்க முடியாமல் திரும்பி வந்தார்கள். ஊர்க்காரர்கள் கரையில் நின்றுகொண்டு அவர்களை இறங்கவிடாமல் அடித்து, திரும்பிப் போ என்றார்கள். இதை அக்கா ஒவ்வொரு ஆங்கில வார்த்தையாக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வாசித்தார். நடுவில் வாசற்பக்கம் வெளிச்சம் மறைந்தது. காக்கிச் சட்டையும் தகரப் பெட்டியுமாக ஓர் ஆள் வந்து கதவை ஒட்டி நின்றார். ஏதோ ஆபீஸ் ஆள் என்று நினைத்தேன். அக்கா ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். வாசிப்பது நிற்கவில்லை.

முடிந்ததும் சார் கேள்வி கேட்டார். போனவர்கள் விரும்பிப் போனார்களா, அனுப்பினதால் போனார்களா?

அக்கா காகிதங்களை மடித்துக்கொண்டார். "சீட்டுக் குலுக்கி அனுப்பினாங்கன்னுதான் புத்தகத்துல இருக்கு. விருப்பமான்னு தெரியணும்னா, அதோ கதவுகிட்ட நிக்கிறவரைக் கேளுங்க சார்."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எல்லோரும் திரும்பியதில் அந்த மனிதர் பதறி, விறைப்பாக நின்றுவிட்டார். சார் நிஜமாகவே இந்தியில் அவரைக் கேட்டார். அவர் பட்டாளத்து இந்தியில், நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் சாப், போவது எங்கள் விருப்பம்தான், திரும்புவதுதான் எங்கள் கையில் இல்லை என்றார்.

"அவர் சொன்னது என் மார்க்குல சேருமா சார்?" என்றார் அக்கா.

"சேராது" என்றார் சார். வகுப்பு சிரித்து ஓய்ந்தது. சார் மார்க்கை எல்லோர் முன்னாலும் சொல்வது வழக்கம், சொன்னார். தேறுவதற்கு வேண்டியதும் அதற்கு மேல் கொஞ்சமும் இருந்தது. வருகையும் சரியாக நின்றுவிட்டது. அக்கா அதைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வகுப்பு விட்ட பிறகு இரண்டு பேரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கணவருக்கு, அவருடைய அம்மா உடம்பு மோசம் என்று ராமநாதபுரத்திலிருந்து தந்தி வந்திருந்தது. சாயங்காலமே மெட்ராஸ் ஜஹாஜில் கிளம்புகிறார். மறுபடி எப்போது என்று தெரியாது. நடுவில் இருப்பது இந்தக் கொஞ்ச நேரம்தான். தனியாக விடுவோம் என்று நான் டீ வாங்கப் போனேன். கிளாஸ்களோடு திரும்பி வந்தபோது அக்கா அவர் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காகிதங்கள் மடியில் அப்படியே இருந்தன. அவர் அசையாமல், பாரா நிற்கிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டீயை மறுபக்கத்துக் கையால் வாங்கிக்கொண்டார்.

"பாஸ் பண்ணிருவாளா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

இனி கடைசிப் பரீட்சைதான், அதில் அக்கா விடமாட்டார் என்றேன். வீட்டுக்குத் தகரம் போட்டாகிவிட்டது, கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். அக்காவிடம் சொல்ல வைத்திருந்ததை என்னிடம் சொல்கிறார் என்று தோன்றியது. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நேரம் ஆனதும் கழுத்துத் துண்டை உருட்டி, தோளை எடுக்கிற இடத்தில் அதை வைத்து, அக்காவின் தலையைச் சுவரோடு சாய்த்தார். நான் எழுப்பப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

"எழுப்பினா ஜெட்டி வரைக்கும் வருவா. அப்புறம் வண்டூர் பஸ் போயிரும். தூங்கட்டும்."

தகரப் பெட்டியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெகு நேரம் கழித்து ஜஹாஜ் ஊதியபோதுதான் அக்கா விழித்தார். பெஞ்சில் பக்கத்து இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அக்கா என்றேன். தகரம் போட்டதையும் கிணற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டார். கிளம்புகிற வரைக்கும் என்றேன். அக்கா துண்டை உதறி நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"போன மழைக்கு முன்னாடி பாத்தது. பேசத்தான் முடியல, தூங்கறதையாவது பாத்துட்டுப் போனாரே."

அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸுக்கு ஓடினோம்.

ரிசல்ட் மழையோடு வந்தது. அக்கா மூன்றாம் வகுப்பில் தேறியிருந்தார். கேம்பல் பே ஆர்டர், ஆபீசில் பல தரம் ஏறி இறங்கிய பிறகு கைக்கு வந்தது. உடனே வந்து சேர வேண்டும், தாமதித்தால் வேறு ஆள் என்று அதில் இருந்தது. அவர் கணவர் இன்னும் மெயின்லேண்டில்தான் இருந்தார். அவருடைய அம்மா இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டு எப்படி வருவது என்று கடிதம். ஆகவே அவர் கட்டின வீட்டுக்கு, அவர் இல்லாமல், அக்கா முதலில் போகிறார்.

வழியனுப்ப நான் போயிருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை, பிரைமஸ் அடுப்பு. சாவி பக்கத்து வீட்டு சர்தார்ஜியிடம் இருக்கிறதாம். அடுத்த ஜஹாஜில் வீட்டுக்காரர் வந்துவிடுவார் அக்கா என்று ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"வரட்டும், தம்பி. முதல்ல நான் போய்ச் சேர்றேன்."

பலகைப் படியில் ஏறிப் போனார். கயிறு அவிழ்த்த பிறகு ஏறினவர்கள் எல்லோரும் கம்பி ஓரம் வந்து நின்று கையசைத்தார்கள். பட்டாளத்துக் குடும்பங்கள், நிகோபார்க்காரர்கள், குழந்தைகள் என்று ஒரே கூட்டம். நானும் கையைத் தூக்கியபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா அதில் இல்லை. கீழ்த்தட்டில் பங்க் படுக்கை கிடைத்ததும் படுத்திருப்பார். நான் கையை இறக்கிக்கொண்டேன்.